அமெரிக்காவில் வியட்நாமியரும் ஜமைக்கரும்: வேலை, வருமானம், வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இரண்டு சமூகங்களையும் ஏன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்?

இரண்டும் அமெரிக்காவுக்குப் பெரிய அளவில் வந்தது ஏறக்குறைய ஒரே தலைமுறையில், 1965க்குப் பிறகு. இரண்டுமே ஏழை நாடுகளிலிருந்து, காலனி ஆட்சியின் தழும்போடு வந்தவை. ஒருவர் அகதியாக வந்தார், மற்றவர் வேலை தேடி வந்தார். ஒருவருக்கு ஆங்கிலம் வராது, மற்றவருக்கு அது பள்ளிக்கூட மொழி. ஒருவர் ஆசியராகப் பார்க்கப்பட்டார், மற்றவர் கறுப்பராக. சம்பளம், தொழில், வீடு, சேமிப்பு எல்லாவற்றிலும் தெரியும் வித்தியாசங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் போய் முடிகின்றன. "அந்த நாட்டுக்காரர்கள் உழைப்பாளிகள், இந்த நாட்டுக்காரர்கள் அப்படியில்லை" என்று பேசுபவர்களுக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கடினம்.

எத்தனை பேர் இருக்கிறார்கள்? எங்கே?

வியட்நாமில் பிறந்தவர்கள் சுமார் 13 லட்சம். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் ஊர்களை ஒட்டிய "லிட்டில் சைகோன்", வடக்கே சான் ஹோசே, டெக்சாஸின் ஹூஸ்டன் மூன்றும் பெரிய மையங்கள். நியூ ஆர்லியன்ஸின் கிழக்குப் பகுதியிலும், மெக்சிகோ வளைகுடாவின் மீன்பிடி ஊர்களிலும், வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவிலும் கணிசமாக இருக்கிறார்கள்.

ஜமைக்காவில் பிறந்தவர்கள் சுமார் 8 லட்சம். பெரும்பகுதி நியூயார்க்கிலும் தெற்கு ஃப்ளோரிடாவிலும். நியூயார்க்கில் புரூக்ளினின் ஃப்ளாட்புஷ், பிராங்க்ஸின் வேக்ஃபீல்ட், தென்கிழக்கு குவீன்ஸ். ஃப்ளோரிடாவில் பிராவர்ட் கவுண்டியின் லாடர்ஹில், மிராமார். கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்டிலும் பழைய குடியிருப்பு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்குள்ள புகையிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்ததில் தொடங்கியது அது. குவீன்ஸில் "ஜமைக்கா" என்றே ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயர் அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்தது. தீவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வந்த வழி ஏன் இவ்வளவு முக்கியம்?

யார் வருகிறார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் கம்யூனிஸ்ட் வடக்கிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டே ஏறக்குறைய 1,25,000 பேர் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன், ஆர்கன்சாவின் ஃபோர்ட் சாஃபி, பென்சில்வேனியாவின் ஃபோர்ட் இண்டியன்டவுன் கேப், ஃப்ளோரிடாவின் எக்லின் ஆகிய நான்கு ராணுவ முகாம்களில் தங்கவைத்து, பொறுப்பேற்பவர் கிடைத்த பிறகு வெளியே அனுப்பினார்கள். இந்த முதல் அலையில் ராணுவ அதிகாரிகள், அரசு ஊழியர்கள், படித்த நகரவாசிகள் அதிகம். 1978லிருந்து வந்த படகு அகதிகள் வேறு. மீனவர்கள், சிறு வியாபாரிகள், வியட்நாமில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் என்று கையில் ஒன்றுமில்லாமல், பலர் மலேசியா, தாய்லாந்து முகாம்களில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வந்தார்கள். பிறகு அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்காக 1987ல் ஒரு சட்டம் வந்தது. போருக்குப் பின் கம்யூனிஸ்ட் அரசு நடத்திய "மறுகல்வி முகாம்" சிறைகளில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ அடைபட்டுக் கிடந்தவர்களுக்கான திட்டம் அதையடுத்து வந்தது. ஆகவே "வியட்நாமியர்" என்ற ஒரே சொல்லுக்குள் முன்னாள் கர்னலும் இருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் இருக்கிறார்.

ஜமைக்கர்கள் முதலில் பிரிட்டனுக்குப் போனார்கள். 1952ன் அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு காலனிக்கும் ஆண்டுக்கு 100 விசாதான் தந்தது. 1962ல் இரண்டு காரியங்கள் நடந்தன: ஜமைக்கா சுதந்திரம் அடைந்தது, பிரிட்டன் தன் கதவைச் சாத்தியது. 1965ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் ஓட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. அவர்கள் தாங்களே முடிவு செய்து, டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்து, விசாவுக்கு வரிசையில் நின்று வந்தவர்கள். நர்ஸ், ஆசிரியை, தட்டச்சர், வீட்டுவேலைக்காரி எனப் பெண்கள்தான் பெரும்பாலும் முதலில் வந்தார்கள். அப்படி முன்வந்து கிளம்புகிறவர்கள் ஊரில் தங்கிவிட்டவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்களாகவும் துணிந்தவர்களாகவும் இருப்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

கரும்பு வெட்ட வந்த ஜமைக்கர்கள் என்ன ஆனார்கள்?

பெரும்பாலும் திரும்பிப் போனார்கள். 1943ல் தொடங்கி 1990களில் இயந்திரங்கள் வரும்வரை ஃப்ளோரிடாவின் பெல் கிளேட், கிளூயிஸ்டன் பக்கத்து வயல்களில் தற்காலிக விசாவில் ஆண்களைக் கொண்டுவந்து கரும்பு வெட்டவைத்தார்கள். அறுவடை முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கூலியில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்துக்கொண்டு, ஜமைக்காவில்தான் கொடுத்தார்கள். முதலாளிக்குப் பிடிக்காதவரை அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. அரை நூற்றாண்டு உழைப்பு அமெரிக்காவில் சொத்தாக மாறாமலே போனது.

அரசு உதவி யாருக்குக் கிடைத்தது?

அகதிகளுக்குக் கிடைத்தது. 1980ன் அகதிகள் சட்டப்படி வந்த நாளிலிருந்து 36 மாதம் வரை பண உதவியும் மருத்துவ உதவியும் மத்திய அரசின் செலவில் வழங்க இடமிருந்தது. அது 1982ல் 18 மாதமாகவும், பிறகு 12 ஆகவும், 1991ல் 8 ஆகவும் குறைந்தது. ஆங்கில வகுப்பு, வேலைப்பயிற்சி, வீடு பார்த்துக் கொடுப்பது எல்லாம் தேவாலயங்கள் வழியாகவும் தன்னார்வ நிறுவனங்கள் வழியாகவும் நடந்தன.

ஜமைக்கருக்கு இதில் எதுவும் கிடையாது. குடும்ப உறவின் பேரில் வருபவருக்கு இங்கிருக்கும் உறவினர் உறுதிப்பத்திரம் எழுதித்தர வேண்டும். தன் வருமானம் வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்கிறது என்று வரிக் கணக்கோடு காட்ட வேண்டும். 1996ன் நலத்திட்டச் சட்டம் வந்த பிறகு, கிரீன் கார்டு வாங்கியவரும் பல உதவிகளுக்கு 5 ஆண்டு காத்திருக்கிறார். அகதிக்கு அந்தச் சட்டம் அந்தக் காத்திருப்பை விதிக்கவில்லை.

அதற்காக அகதிகள் உதவியில் சொகுசாக இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1980ன் கணக்கெடுப்பில் வியட்நாமியரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அந்த உதவி அவர்களைப் பட்டினியிலிருந்து காத்தது, மொழி கற்க அவகாசம் தந்தது.

ஆங்கிலம் தெரிந்ததால் ஜமைக்கருக்கு என்ன லாபம்?

முதல் சம்பளம். மருத்துவமனை, பள்ளி, மாநகரப் பேருந்து, நகராட்சி அலுவலகம் என்று தொழிற்சங்கமும் ஓய்வூதியமும் உள்ள வேலைகளுக்கு நேரே விண்ணப்பிக்க முடிந்தது. வியட்நாமில் பிறந்தவர்களில் இன்றும் மூன்றில் இரண்டு பேர் அளவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்கிறது கணக்கெடுப்பு. அவர்களுக்கு இருந்த வழிகள் மூன்று: பேசத் தேவையில்லாத வேலை, தாய்மொழியிலேயே நடக்கும் வேலை, சொந்தக் கடை. சான் ஹோசேயில் மின்னணுச் சாதனங்கள் பொருத்தும் தொழிற்சாலைகள், வளைகுடாவில் இறால் படகு, எங்கும் நெயில் சலூன் எனப்படும் நக அழகுக்கடை என்று அவர்கள் போய்ச்சேர்ந்த இடங்களைப் பார்த்தாலே புரியும்.

வியட்நாமியர் "தொழில்முனைவோர்", ஜமைக்கர் "சம்பளக்காரர்" என்ற பேச்சுக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். வேலை கிடைக்கிறவர் வேலைக்குப் போகிறார், கிடைக்காதவர் கடை போடுகிறார். ஜமைக்கருக்கும் வழி அடைபட்ட இடங்களில் தொழில் முளைத்திருக்கிறது. 1980ல் நியூயார்க் போக்குவரத்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது புரூக்ளினில் பேருந்துக்குப் பதிலாக ஆள் ஏற்றி ஓட ஆரம்பித்த தனியார் "டாலர் வேன்"கள் இன்றும் ஃப்ளாட்புஷ் அவென்யூவில் ஓடுகின்றன. 1989ல் பிராங்க்ஸில் ஒரு குடும்பம் தொடங்கிய கோல்டன் கிரஸ்ட் பேக்கரி, இறைச்சி வைத்துச் சுட்ட "பேட்டி" என்ற ஜமைக்கத் தின்பண்டத்தை விற்கும் பெரிய சங்கிலிக் கடையாக வளர்ந்தது.

நெயில் சலூனில் பணம் எப்படிப் பங்காகிறது?

1975ல் சாக்ரமென்டோ அருகே இருந்த ஓர் அகதி முகாமுக்குப் போன நடிகை டிப்பி ஹெட்ரன், அங்கிருந்த 20 பெண்களுக்கு நகப்பூச்சுத் தொழில் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அங்கிருந்து கிளைவிட்ட தொழில் இன்று நாடு முழுக்கப் பெருமளவு வியட்நாமியர் கையில் இருக்கிறது. லைசன்ஸுக்கான பயிற்சி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: நியூயார்க்கில் 250 மணிநேரம், கலிஃபோர்னியாவில் 400, டெக்சாஸில் 600. கலிஃபோர்னியாவில் எழுத்துத் தேர்வை வியட்நாமிய மொழியிலேயே எழுதலாம். சில மாதங்களில் சம்பாதிக்கத் தொடங்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

கடைகளில் வழக்கமான பங்கு 6க்கு 4. ஒரு நாளில் 250 டாலருக்கு வேலை செய்தால் 150 செய்தவருக்கு, 100 கடைக்கு. டிப்ஸும் வேலை செய்தவருக்கே. பண்டிகை முடிந்த ஜனவரி மாதத்தில் வாடிக்கையாளர் வராவிட்டால் அன்றைக்கு 40 டாலரோடும் வீடு திரும்ப நேரும். அதற்காகச் சில கடைகள் "பாவ்" என்ற உத்தரவாதம் தருகின்றன. உதாரணமாக நாளுக்கு 120 டாலர் என்று பேசியிருந்தால், பங்கு அதைவிடக் குறைந்தாலும் 120 கிடைக்கும், கூடினால் கூடியது கிடைக்கும்.

எங்கே சிக்கல் வருகிறது? மூன்று இடங்களில். முதலாவது, பல கடைகள் தொழிலாளியை ஊழியராகக் காட்டாமல் "தனி ஒப்பந்தக்காரர்" என்று எழுதிக்கொள்கின்றன. ஊழியராக இருந்தால் சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியில் 7.65 சதவீதத்தை முதலாளி கட்டுவார். ஒப்பந்தக்காரர் 15.3 சதவீதத்தையும் தானே கட்ட வேண்டும், வேலையில்லாக் கால உதவியும் கிடையாது. இரண்டாவது, ரொக்கமாக வாங்கியதைக் கணக்கில் காட்டாமல் விடுவது. அன்றைக்கு லாபமாகத் தெரியும். 65 வயதில் ஓய்வூதியக் கணக்கைத் திறந்தால், காட்டிய வருமானத்துக்கு ஏற்பத்தான் தொகை வரும். பத்து ஆண்டு வேலைக்குச் சமமான 40 புள்ளிகள் சேரவில்லை என்றால் எதுவுமே வராது. மூன்றாவது உடம்பு. அசிடோன், டொலூயீன், ஃபார்மால்டிஹைடு ஆவியையும் அக்ரிலிக் தூளையும் நாளுக்குப் பத்து மணிநேரம் சுவாசித்தால் தலைவலியில் ஆரம்பித்து ஆஸ்துமா வரை போகும். காற்றை வெளியே இழுக்கும் குழாய் மேசையிலேயே இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு.

ஜமைக்கப் பெண்களின் பராமரிப்பு வேலையில் மேலே ஏற முடியுமா?

முடியும். இந்தத் துறையின் பெரிய பலமே அதுதான். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளருக்கு மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி போதும், அதில் 16 மணிநேரம் செய்முறை. அடுத்த படி, ஏறக்குறைய ஓராண்டு படித்து எல்பிஎன் எனப்படும் உரிமம் பெற்ற நர்ஸ் ஆவது. அதற்கடுத்தது இரண்டாண்டு கல்லூரிப் படிப்பும் தேர்வும் முடித்த ஆர்என் என்னும் பதிவுபெற்ற நர்ஸ். 2023ல் நாடு முழுக்க இடைநிலை ஆண்டுச் சம்பளம் உதவியாளருக்குச் சுமார் 33,500 டாலர், எல்பிஎன்னுக்குச் சுமார் 59,700, ஆர்என்னுக்குச் சுமார் 86,000. ஒரே வாழ்நாளில் மூன்று படியும் ஏறிய பெண்கள் புரூக்ளினில் ஏராளம்.

ஏறாமல் நிற்பவர்கள் ஏன் நிற்கிறார்கள்? பெரும்பாலும் நேரம். 12 மணிநேர ஷிஃப்ட், இரண்டு பேருந்து, ஊரில் தாயிடம் விட்டுவந்த குழந்தைக்கு மாதாமாதம் பணம் என்றிருக்கும்போது வகுப்புக்கு நேரம் எங்கே?

இன்னொரு அநியாயமும் உண்டு. 1974லிருந்து வீட்டுப் பராமரிப்பாளர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து "துணையிருப்பவர்" என்று பெயர் வைத்து ஒதுக்கியிருந்தார்கள். 2015ல்தான் அந்த விலக்கை, பராமரிப்பாளர்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகளிடமிருந்து எடுத்தார்கள். நியூயார்க்கில் இன்னும் ஒரு விதி இருக்கிறது: 24 மணிநேரம் நோயாளியோடு தங்குபவருக்கு 13 மணிநேரக் கூலி போதும், 8 மணிநேரத் தூக்கமும் 3 மணிநேரச் சாப்பாட்டு நேரமும் கொடுத்திருந்தால். மாநில உச்ச அப்பீல் நீதிமன்றம் 2019ல் இதை ஏற்றுக்கொண்டது. மறதி நோயாளி இரவு முழுக்க எழுந்து நடந்தால் யார் எட்டு மணிநேரம் தூங்குவது? தொடர்ச்சியாக 5 மணிநேரமாவது தூங்க முடியாத இரவுக்கு முழுக்கூலி கேட்க உரிமை உண்டு. அதனால் எழுந்த நேரங்களை ஒரு நோட்டில் குறித்து, அன்றன்றே ஏஜென்சிக்குத் தகவல் அனுப்பிவைப்பது அவசியம். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதியது செல்லுபடியாவது கடினம்.

சரி, குடும்ப வருமானம் யாருக்கு அதிகம்?

இன்றைய கணக்கில் வியட்நாமியருக்கு. 2019ல் வியட்நாமில் பிறந்தவர் தலைமையிலான குடும்பங்களின் இடைநிலை வருமானம் சுமார் 70,000 டாலர், தேசிய அளவைவிடச் சற்று மேலே. ஜமைக்கக் குடும்பங்கள் தேசிய அளவை ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது பெரிய தவறு.

வியட்நாமியக் குடும்பத்தில் தலைகள் அதிகம். அப்பா தொழிற்சாலையில், அம்மா சலூனில், மகன் கல்லூரிக்குப் போய்க்கொண்டே பகுதிநேர வேலையில், பாட்டி பேரனைப் பார்த்துக்கொண்டு. மூன்று பேர் சம்பாதித்து 90,000 வந்தால் ஆளுக்கு 30,000. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஜமைக்க நர்ஸ் ஒருவரே 80,000 வாங்கலாம். குடும்பக் கணக்கில் அவர் கீழே, தனிநபர் கணக்கில் மேலே. ஜமைக்கரில் பெண்கள் பாதிக்கு மேல், ஒரே சம்பளத்தில் ஓடும் வீடுகளும் அதிகம். அதோடு சான் ஹோசேயில் 70,000 என்பது வாடகைக்கே போதாத காசு. அதே 70,000 ஹூஸ்டனில் வீடு வாங்க வைக்கும்.

இரண்டு சமூகத்திலும் சீட்டு உண்டாமே?

உண்டு, இங்கே தமிழ் வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது. ஜமைக்கரின் "பார்ட்னர்" நம் சாதாரணச் சீட்டு. வியட்நாமியரின் "ஹுய்" அப்பட்டமான ஏலச்சீட்டு.

பார்ட்னரில் சீட்டுப் பிடிப்பவர் "பேங்கர்". அவர் பெரும்பாலும் தேவாலயத்திலோ வேலையிடத்திலோ எல்லோரும் நம்பும் ஒரு பெண். வாராவாரம் போடுவது "த்ரோ", எடுப்பது "ட்ரா", ஒரு பங்கு ஒரு "ஹேண்ட்". 20 பேர் வாரம் 200 டாலர் போட்டால் ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு 4,000. வட்டி கிடையாது. யாருக்கு எந்த வாரம் என்பதை பேங்கர் முடிவு செய்வார். எடுத்தவர் அவருக்கு அன்பளிப்பாக ஏதாவது கொடுப்பார். முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு.

ஹுய்யில் வட்டி உண்டு. 20 பேர், மாதம் 1,000 டாலர், 20 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒருவர் 150 டாலர் தள்ளி எடுக்கிறார் என்றால் மற்ற 19 பேரும் 850 கட்டினால் போதும். அவருக்கு 16,150 சேரும். சீட்டுப் பிடிப்பவருக்கு அரைப் பங்கு, அதாவது 500 போனால் 15,650. இனி அவர் "செத்த ஹுய்": மீதி 19 மாதமும் முழு 1,000 கட்ட வேண்டும், மொத்தம் 19,000. இன்னும் எடுக்காதவர்கள் "உயிருள்ள ஹுய்". எல்லா மாதமும் தள்ளு 150ஆகவே இருந்தால், கடைசி ஆள் 16,150 கட்டியிருப்பார், 500 கழித்து 18,500 எடுப்பார்.

உடைவது எங்கே என்றால், ஹுய்யில் முதல் சில மாதங்களில் அதிகமாகத் தள்ளி எடுத்துவிட்டு மறைந்துவிடுபவரால். அதைவிட மோசம், சீட்டுப் பிடிப்பவரே பொய்ப்பெயர்களில் பங்கு வைத்து எடுப்பது. ஒன்று உடைந்தால் அதே ஆட்கள் போட்டிருக்கும் மற்றச் சீட்டுகளும் சேர்ந்து சரியும். எழுத்து எதுவும் இல்லாததால் நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். மாதாமாதம் யார் எடுத்தது, எவ்வளவு தள்ளியது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளின் படத்தை எல்லோருக்கும் அனுப்பும் குழுக்களில் ஏமாற்று குறைவு.

சீட்டுப் பணத்தை வீட்டு முன்பணமாகக் காட்டலாமா?

காட்டலாம், அதற்கு முன்யோசனை வேண்டும். வீட்டுக் கடன் தரும் வங்கி பொதுவாகக் கடைசி இரண்டு மாதக் கணக்கு அறிக்கையைக் கேட்கும். அதற்குள் 16,000 டாலர் திடீரென்று விழுந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் கேட்பார்கள். விண்ணப்பிப்பதற்கு மூன்று மாதம் முன்பே எடுத்துக் கணக்கில் போட்டுவிட்டால் தொந்தரவு குறைவு. கடனாக இன்னும் கட்டவேண்டிய தவணையிருந்தால் அதை மறைக்கக் கூடாது, விண்ணப்பத்தில் சொல்லிவிட வேண்டும். 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகப் போட்டால் வங்கி அரசுக்குத் தகவல் கொடுக்கும். அதில் தவறொன்றும் இல்லை. அதற்குப் பயந்து 9,000, 8,000 என்று பிரித்துப் போடுவதுதான் குற்றம்.

இன்னொன்று: பத்து ஆண்டு ஒழுங்காகச் சீட்டுக் கட்டியது கடன் மதிப்பெண்ணில் ஒரு புள்ளியும் ஏற்றாது.

வீடு விஷயத்தில் நிலைமை ஏன் இவ்வளவு மாறுபடுகிறது?

சம்பளத்தை விட்டுவிட்டுச் சொத்தைப் பார்த்தால் நிறத்தின் கணக்கு வெளியே வருகிறது. வியட்நாமியக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு சொந்த வீட்டில் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும். 1980களில் ஆரஞ்ச் கவுண்டியில் வாங்கிய சாதாரண வீடு இன்று பல மடங்கு.

ஜமைக்கருக்கும் வீடு என்றால் உயிர். இரண்டு குடும்பம் வசிக்கும் வீட்டை வாங்கி, மேல்மாடியை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டுவது புரூக்ளின், பிராங்க்ஸ் வழக்கம். 2005ன் கணக்கெடுப்பில் குவீன்ஸில் கறுப்பர் குடும்பங்களின் இடைநிலை வருமானம் வெள்ளையர் குடும்பங்களைத் தாண்டியிருந்தது. அதற்குப் பெரிய காரணம் ஜமைக்காவிலிருந்தும் மற்றக் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு வீடு காட்டப்பட்டது கறுப்பர் வாழும் தெருக்களில் மட்டும். அதே அளவு, அதே வயதுள்ள வீட்டுக்கு அங்கே மதிப்பீடு குறைவு, வட்டி அதிகம். 2000களின் நடுவில் மோசமான நிபந்தனைக் கடன்களை விற்கத் தரகர்கள் குறிவைத்த இடம் தென்கிழக்கு குவீன்ஸ். முதல் இரண்டு ஆண்டு குறைந்த வட்டி, பிறகு தவணை எகிறும். 2008ல் நியூயார்க் நகரத்திலேயே வங்கிகள் அதிகமாக வீடுகளைப் பறித்தது அங்கேதான். இருபது ஆண்டு நர்ஸ் வேலையில் சேர்த்தது ஒரு தவணை மாற்றத்தில் போனது. சேமிப்புப் பழக்கத்தில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

வியட்நாமியர் பாகுபாட்டைச் சந்திக்கவில்லையா?

சந்தித்தார்கள், ரத்தம் சிந்தும் அளவுக்கு. டெக்சாஸ் கரையில் வெள்ளை மீனவர்களோடு இறால், நண்டுக்கான போட்டி முற்றி 1979ல் சீட்ரிஃப்ட் ஊரில் உயிர்ப்பலி வரை போனது. 1981ல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கால்வெஸ்டன் விரிகுடாவில் துப்பாக்கிகளோடு படகில் சுற்றி மிரட்டியது. வியட்நாமிய மீனவர் சங்கம் ஹூஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கியது.

2010ல் வளைகுடாவில் எண்ணெய் கொட்டியபோது வேறு விதமான அடி. நஷ்டஈட்டுக்கு வருமான ரசீது கேட்டார்கள். துறைமுகத்தில் ரொக்கத்துக்கு விற்றவர்களிடம் ரசீது இல்லை. சொந்தச் சமையலுக்கும் உறவினருக்கும் பங்கு போட்ட இறாலுக்குக் கணக்கே இல்லை. இறங்கும் ஒவ்வொரு பிடிப்புக்கும் எடைச் சீட்டு வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் பணம் விரைவாக வந்தது.

ஊருக்கு அனுப்பும் பணம்?

தொகையில் வியட்நாமுக்குப் போவது பல மடங்கு அதிகம். பாரத்தில் ஜமைக்காதான் அதிகம் தாங்குகிறது: அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளிநாட்டுப் பணம். வியட்நாமில் அது சில சதவீதம்.

பணத்துக்கு முன்னால் பொருள் போனது. 1994 வரை அமெரிக்கப் பொருளாதாரத் தடை இருந்ததால் வியட்நாமியர் துணி, மருந்து, சோப்பு ஆகியவற்றைப் பெட்டியில் கட்டிப் பல சமயம் மூன்றாம் நாடு வழியாக அனுப்பினார்கள். ஊரில் அவை சந்தையில் விற்றுக் காசாகின. ஜமைக்கர் அனுப்புவது பீப்பாய். இடுப்பு உயரமுள்ள கெட்டி அட்டைப் பீப்பாயை வீட்டின் மூலையில் நிறுத்தி, தள்ளுபடியில் கிடைக்கும் அரிசி, எண்ணெய், பள்ளிக் காலணி, நோட்டுகளை மாதக்கணக்கில் அடுக்கி, வளையமிட்டுப் பூட்டிக் கப்பலில் ஏற்றுவார்கள். தாய் நியூயார்க்கில், பிள்ளை பாட்டியிடம் என்று வளர்ந்தவர்களை ஜமைக்காவில் "பீப்பாய்ப் பிள்ளைகள்" என்றே சொல்கிறார்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத செலவு அது.

இரண்டாம் தலைமுறை எப்படி இருக்கிறது?

வியட்நாமியரில் தாவல் பெரிது. பெற்றோரில் பள்ளியே முடிக்காதவர்கள் ஏராளம், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் பட்டதாரிகள். ஜமைக்கரின் பிள்ளைகள் நியூயார்க்கின் நகரக் கல்லூரிகளை, குறிப்பாக 1970ல் புரூக்ளினில் தொடங்கிய மெட்கர் எவர்ஸ் கல்லூரியை, நன்றாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் பெற்றோரின் ஆங்கில உச்சரிப்பு "இவர் குடியேறி" என்று காட்டிக்கொடுத்து ஓரளவு பாதுகாத்தது. பிள்ளைகளுக்கு அது இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பவரும் போலீஸ்காரரும் அவர்களைக் கறுப்பராக மட்டுமே பார்க்கிறார்கள்.

கமலா ஹாரிஸின் தந்தை ஜமைக்கர்தானே? அவரை உதாரணமாகச் சொல்லலாமா?

தந்தை டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காவிலிருந்து மேற்படிப்புக்கு வந்து ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனவர், தாய் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக் குடும்பத்தவர். இருவரும் பெர்க்லியில் மாணவர்களாகச் சந்தித்தார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவரின் வாழ்க்கையைக் கொண்டு பிராங்க்ஸ் நர்ஸின் வாழ்க்கையை அளக்க முடியாது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவலின் பெற்றோர் இன்னும் பொருத்தமான உதாரணம். பிராங்க்ஸில் வாழ்ந்து ஆயத்த ஆடைத் தொழிலில் வேலைபார்த்த ஜமைக்கர்கள் அவர்கள்.

நானே கணக்கெடுத்து ஒப்பிட வேண்டும் என்றால்?

அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் ஆண்டுதோறும் வரும் சமூக ஆய்வில் பி05006 என்ற அட்டவணை பிறந்த நாடுவாரியாக எண்ணிக்கை தரும். எஸ்0201 அட்டவணையில் வம்சாவளிவாரியாக வருமானம், கல்வி, வீடு எல்லாம் இருக்கும். செய்யும்போது நான்கு இடத்தில் கவனம் வேண்டும்.

"பிறந்த நாடு" என்று எடுத்தால் இரண்டு பக்கமும் பிறந்த நாடு என்றே எடுங்கள். வியட்நாமியர் என்பது படிவத்தில் ஓர் இனப்பிரிவு, அமெரிக்காவில் பிறந்த பிள்ளையும் அதில் வருவார். ஜமைக்கர் என்பது வம்சாவளிக் கேள்வியில் மட்டும் வரும், பலர் அதை நிரப்புவதே இல்லை. 2020 படிவத்தில்தான் கறுப்பர் என்ற கட்டத்துக்குக் கீழே "ஜமைக்கர்" போன்றவற்றை எழுத இடம் விட்டார்கள். வியட்நாமில் பிறந்த சீனர்களில் ஒரு பகுதி தங்களைச் சீனர் என்று எழுதுவதும் உண்டு.

சராசரியை விட்டு இடைநிலையை எடுங்கள். வியட்நாமியரின் வருமானம் இரு முனைகளிலும் குவிந்திருப்பதால் சராசரி ஏமாற்றும். வந்த ஆண்டுவாரியாகப் பிரியுங்கள், 1975ல் வந்தவரையும் 2015ல் வந்தவரையும் ஒரே பையில் போட வேண்டாம். குடும்ப வருமானத்தோடு முழுநேர வேலை செய்பவரின் தனிச் சம்பளத்தை ஆண், பெண் என்று தனித்தனியே பக்கத்தில் வையுங்கள். பல சமயம் படமே தலைகீழாகும்.

கனடாவிலும் பிரிட்டனிலும் இதே நிலைதானா?

சாயல் உண்டு. கனடா 1955லிருந்து ஜமைக்கா, பார்படோஸ் பெண்களை வீட்டுவேலைக்கென்று தனித் திட்டத்தில் எடுத்தது. 1979, 1980ல் சுமார் 60,000 இந்தோசீன அகதிகளை ஏற்றபோது பாதிக்கு மேல் தனியார் குழுக்கள் பொறுப்பேற்றன. டொரோண்டோவின் எக்ளிங்டன் மேற்கில் "லிட்டில் ஜமைக்கா" இருக்கிறது. பிரிட்டனில் 1948ல் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களுக்கு வங்கி கடன் தராதபோது முதல் வீட்டுக்கு முன்பணம் தந்தது பார்ட்னர் சீட்டுதான். அப்படி வாங்கியவர்களின் பிள்ளைகள் இன்றும் தெற்கு லண்டனில் அந்த வீடுகளில் இருக்கிறார்கள்.